மூலமட்டத்துக்குக் கீழே கவராயம்

ரூபன் டிரான்டர் திருடன் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டிய ஆள் பதினோரு வருஷம் இதைச் சொல்லவில்லை. நான் எழுத வந்தது ரூபனைப் பற்றி அல்ல, அவன் மனைவி கெசையாவைப் பற்றி. ஆனால் அவளைப் பற்றி எங்கிருந்து தொடங்கினாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது.

என் பெயர் லெட்டி. பர்மிங்ஹாம் நகைப் பேட்டையில், பார்ஜிட்டர் பதக்கப் பட்டறையில் கைப்பிரஸ் இழுத்தே தோள் ஒரு பக்கம் சரிந்துபோனவள். எங்கள் பட்டறையில் பாதி வேலை மேசன்கள் என்கிற ரகசியச் சங்கத்து ஆட்களுக்குத்தான். அந்த ஆண்கள் சபை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு என்னவோ செய்வார்கள். வீட்டில் ஏப்ரன் கட்டி ஒரு தட்டைக் கழுவ மாட்டார்கள், அது வேறு விஷயம். ஒரு சபைக்கு ஐம்பது வருஷம் நிறைந்தால் பதக்கம், நூறு நிறைந்தால் பதக்கம், தலைவர் மாறினால் பதக்கம், அனாதைப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் அதற்கும் ஒரு பதக்கம். தேன்கூடு, தூண்கள், கண், சூரியன், சந்திரன், வேலமரக்கிளை என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு அர்த்தம் உண்டு. தேன்கூடு என்றால் உழைப்பாம். உழைத்தது நாங்கள், தேன்கூட்டை நெஞ்சில் குத்திக்கொண்டது அவர்கள்.

ரூபன் அந்தப் பட்டறையில் அச்சு செதுக்குகிறவன். உருக்குக் கட்டையில் உளியால் படத்தைக் குடைந்து கொடுப்பான். அதை வைத்துத்தான் பதக்கம் அடிப்போம். அமைதியான ஆள். மதியம் ரொட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து தின்பான், கூப்பிட்டால்தான் பேசுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், சபைக்காரர்களுக்காகத் தங்கத்தில் பத்துப் பதக்கம் செய்தோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தது. எங்கள் பட்டறையில் தங்கம் என்றால் சாதாரணம் இல்லை. தரையில் கூட்டுகிற தூசியைக்கூட எரித்துச் சலிப்போம், கை கழுவுகிற தண்ணீரைக்கூடக் கீழே ஊற்ற விடமாட்டார்கள். ஒரு முழுப் பதக்கம் போனால் சும்மா இருப்பார்களா?

முதலாளி ஆம்ப்ரோஸ் பார்ஜிட்டர் பிரஸ் அறைக்கு வந்தார். இருபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ரூபனை நடுவில் நிற்க வைத்தார். கடைசியாக அந்தப் பெட்டியைத் தொட்டவன் அவன்தானாம்.

“கோட்டைக் கழட்டு,” என்றார்.

கழற்றினான்.

“ஷூவையும் கழட்டு.”

கழற்றினான். ஒரு காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. எவளோ ஒருத்தி சிரித்தாள். அது நானாக இருக்கக்கூடாது என்று இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

“நான் எடுக்கலை சார்,” என்றான் ரூபன். அவ்வளவுதான் சொன்னான். வாதாடத் தெரியாத ஜென்மம்.

“திருட்டுப் பய. இனி இந்தப் பேட்டையில எவன் உனக்கு வேலை குடுக்கிறான்னு பார்க்கிறேன்,” என்றார் பார்ஜிட்டர்.

எவனும் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பான்? பட்டறை முதலாளிகளில் பாதிப்பேர் பார்ஜிட்டரின் சபையில்தான் இருந்தார்கள். இருபது வருஷம் உளி பிடித்த கை, கால்வாய்ப் படகுத்துறையில் நிலக்கரி அள்ளப் போனது. முதல் குளிர்காலத்தில் இருமல் வந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் ஆளே போய்விட்டான். செத்த பிறகும் பேட்டையில் அவன் பெயர் “தங்கத் திருடன் டிரான்டர்” என்றே நின்றது.

இப்போது கெசையா. அவள் குட்டையான உருவம், நெற்றி அகலம், கண் மட்டும் ஊசி. ரூபனின் பார்வை மங்கத் தொடங்கிய காலத்திலிருந்தே நுணுக்கமான வேலையை அவன் பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர, அவள்தான் சமையல் மேசையில் செதுக்கிக் கொடுத்துவந்தாள். எழுத்தெல்லாம் அவள் கை. வேலமரக்கிளையில் இலை இலையாக எண்ணலாம், அவ்வளவு சுத்தம். இது எங்கள் யாருக்கும் தெரியாது, பட்டறைக் கங்காணி ஹாட்லியைத் தவிர.

அப்புறம் ஜெர்மனியோடு பெரிய சண்டை வந்தது. ரூபனுக்குப் பதிலாக வந்த அச்சுக்காரன் பிரான்ஸுக்குப் போனான், திரும்பவில்லை. பட்டறையில் ஆர்டர் குவிந்துகிடக்கிறது, அச்சு வெட்ட ஆள் இல்லை. ஹாட்லி தலையைச் சொறிந்துகொண்டே முதலாளியிடம் போய்ச் சொன்னான். பார்ஜிட்டருக்கு முதலில் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் ஆணுக்குக் கொடுப்பதில் பாதிக்கு ஒரு பெண் செய்கிறாள் என்றதும் மனசு இளகிவிட்டது. பின்கட்டு அறையில் உட்காரட்டும், வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாது என்று நிபந்தனை போட்டார்.

அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. புருஷனைக் கொன்றவன் பட்டறையில் போய் எவளாவது உட்காருவாளா? வந்தாள். முதல் நாள் அவளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“உனக்கு ரோஷமே இல்லையா?” என்று கேட்டேவிட்டேன்.

உளியைத் தீட்டிக்கொண்டே சொன்னாள்: “ரோஷம் இருக்கிறதாலதான் வந்தேன். தூரத்துல இருந்துக்கிட்டு என்னடி பண்றது? சாபம் விடலாம். அதை ரெண்டு வருஷமா விட்டுப் பார்த்தேன். ஆளு குண்டாத்தான் ஆயிருக்கான்.”

“அப்போ என்ன பண்ணப்போற?”

“தெரியாது. அதே பிரஸ் ரூம்ல, அதே பொம்பளைங்க முன்னாடி, ரூபன் திருடலைன்னு அந்த ஆளு வாயால சொல்லணும். அது எனக்கு வேணும். எப்படின்னு தெரியாது. உக்காந்திருந்தா தெரியும்.”

உட்கார்ந்தாள். எட்டு வருஷம் உட்கார்ந்தாள். பார்ஜிட்டர் வந்தால் எழுந்து “குட் மார்னிங் சார்” என்பாள். கிறிஸ்துமஸுக்கு அவர் கொடுக்கிற வாத்துக் கறியை வாங்கிக்கொண்டு “தேங்க் யூ சார்” என்பாள். வாங்கிப் போய்த் தெருநாய்க்குப் போடுவாள் என்று எனக்கு மட்டும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மனுஷி எவ்வளவு காலம் இருக்க முடியும் என்று எனக்கே பயமாக இருக்கும்.

அந்த எட்டு வருஷத்தில் அவள் ஒன்று செய்தாள். மேசன் சின்னங்களைப் படித்தாள். பள்ளியில் படிப்பது மாதிரி இல்லை. ஆர்டரோடு வருகிற ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பதவிக்கு எந்தச் சின்னம், எது மேலே, எது கீழே என்று கணக்குப் பிடித்தாள். சபைக்காரர்கள் எவரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், சத்தியம் பண்ணியிருக்கிறார்களாம். ஆனால் நூறு பதக்கம் வெட்டுகிறவளிடம் எதை மறைப்பது?

ஒருநாள் டீ நேரத்தில் மூலமட்டத்தையும் கவராயத்தையும் காட்டினாள். அவர்களுடைய பெரிய சின்னம் அதுதான், தச்சன் கையில் இருக்கிற எல் வடிவ மூலமட்டமும், வட்டம் போடுகிற கவராயமும் ஒன்றின்மேல் ஒன்று.

“இந்தக் கவராயத்தோட ரெண்டு முனையைப் பாரு லெட்டி. ரெண்டும் மூலமட்டத்துக்கு மேல வந்தா அவன் முழு மேசன். ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னா நடுப்படி. ரெண்டும் கீழ ஒளிஞ்சிருந்தா?”

“ஒளிஞ்சிருந்தா?”

“நேத்துத்தான் கதவைத் தட்டி உள்ள வந்த கத்துக்குட்டி. ஒரு எழவும் தெரியாதவன்.”

“இவ்வளவுதானா ரகசியம்? இதுக்கா கதவைச் சாத்துறானுங்க!”

“உனக்கு இவ்வளவுதான். அவனுங்களுக்கு இதுதான் உசிரு,” என்றாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில் பார்ஜிட்டரின் சபைக்கு நூறு வருஷம் நிறைந்தது. அந்த வருஷம் பார்த்து அவரே சபைத் தலைவர். ஆசாமி தரையில் நடக்கவில்லை. வெளியூர்ச் சபைகளிலிருந்தெல்லாம் பெரிய தலைகள் வரப்போகிறார்கள், விருந்து, வாத்தியம், அறுபது பேருக்கு வெள்ளிப் பதக்கம். முன்பக்கம் மூலமட்டமும் கவராயமும், சுற்றிலும் வேலமரக்கிளை, கீழே அவர் பெயர், “தலைவர்” என்ற பட்டத்தோடு. தன் பட்டறையிலேயே, தன் பெயர் போட்டு, தானே அடித்துத் தானே குத்திக்கொள்ளப்போகிற பதக்கம். அப்படி ஒரு பெருமை மூஞ்சியில்.

அச்சு வெட்டி முடிந்ததும் ஈயத்தில் ஒரு மாதிரி எடுத்து முதலாளியிடம் காட்டுவது வழக்கம். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெள்ளியைத் தொடுவோம். கெசையா காட்டினாள். பார்ஜிட்டர் லென்ஸை வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். “கிளை நல்லா வந்திருக்கு, மிஸஸ் டிரான்டர்,” என்று சொல்லி ஒப்பமிட்டார். எட்டு வருஷத்தில் அவர் அவளைப் பாராட்டியது அன்றுதான்.

அறுபதையும் அடித்தோம். நான் ஓரம் வெட்டினேன், மற்றவர்கள் மெருகேற்றினார்கள், நீல ரிப்பன் கோத்தோம், பெட்டியில் வைத்தோம். எவளும் உற்றுப் பார்க்கவில்லை. ஹாட்லி விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான். முதலாளி திறந்து பார்த்துத் தன் பெயரைத் தடவினார், மூடினார். பார்த்தாகிவிட்டது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இன்னொரு தடவை எதற்குப் பார்ப்பார்? மூக்குக்கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்ற கவலை வேறு.

விருந்து சனிக்கிழமை. மரியாதைக்காக ஒரு பதக்கத்தை மட்டும் முன்கூட்டியே, எல்லாச் சபைகளுக்கும் மேலான மாகாணத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் அது திரும்பி வந்தது. கூடவே ஒரு சீட்டு. ஹாட்லி அதை மேசைமேல் பார்த்துவிட்டு வந்து எங்களிடம் ஓதினான்: “பிரதர் பார்ஜிட்டர், நீங்கள் இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறீர்களா? நாங்கள் தலைவர் என்று நினைத்திருந்தோம்.”

ஹாட்லிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பெட்டியில் இருந்த ஒரு பதக்கத்தை எடுத்துச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். கவராயத்தின் இரண்டு முனையும் மூலமட்டத்துக்குக் கீழே! அடக் கடவுளே! கெசையா மேசையில் உட்கார்ந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிரிக்கக்கூட இல்லை.

பார்ஜிட்டர் படியில் இறங்கி வருகிற சத்தம் மேலே இருந்தே கேட்டது. அன்றைக்கு அவர் நேரே பின்கட்டு அறைக்குப் போனார். கெசையா எழுந்தாள்.

“இங்க வெளிச்சம் பத்தாது சார். பிரஸ் ரூம்ல பெரிய சன்னல் இருக்கு, அங்க காட்டுங்க,” என்று சொல்லி அவர் பதில் சொல்வதற்குள் எங்கள் நடுவில் வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் அவரும் வந்தார். பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“என்ன பண்ணி வச்சிருக்க நீ?” என்று கத்தினார்.

“என்ன சார்? விரிசலா?”

“விரிசல் இல்ல!”

“எழுத்துப் பிழையா? உங்க பேரு சரியாத்தானே இருக்கு?”

“பேரு இல்ல! இது... இது தப்பு!”

“எது சார்?”

பார்ஜிட்டர் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் இருபத்திரண்டு பெண்கள். சொன்னால் சத்தியம் போகும். கவராயம் எங்கே இருந்தால் என்ன அர்த்தம் என்று பெண்கள் முன்னால் விளக்க முடியுமா? அந்த மனுஷன் விரலால் பதக்கத்தைக் குத்தினார். கெசையா கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

“கிளையா சார்?”

“கிளை இல்ல!”

“மூலமட்டமா?”

“ஆ... இல்ல... அதுக்கும் கீழ...”

“கீழ என்ன சார் இருக்கு? நான் படிக்காத பொம்பள. வாய் விட்டுச் சொன்னாத்தானே புரியும்?”

மூலையில் நெல் என்கிற மெருகுக்காரி இருமுகிற மாதிரி சிரித்தாள். பார்ஜிட்டரின் கழுத்து செங்கல் நிறமாகியது. எனக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. படட்டும், நன்றாகப் படட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

“உனக்குத் தெரியும்,” என்றார் கடைசியில், பல்லுக்குள்ளேயே. “வேணும்னே பண்ணியிருக்க.”

“ஆமா,” என்றாள் கெசையா.

நெல் மெருகுத் துணியைக் கீழே வைத்தாள்.

“ஈயத்துல காட்டினது ஒரு அச்சு, வெள்ளியில அடிச்சது இன்னொரு அச்சு. ரெண்டு வெட்டினேன்.” ஏப்ரன் பையில் கையை விட்டு ஒரு உருக்குக் கட்டையை எடுத்துக் காட்டினாள். “நீங்க கையெழுத்துப் போட்டது இது. ரெண்டு முனையும் மேல இருக்கு. நெருப்புல போட்டு இறுக்கியும் வச்சிருக்கேன். இப்போ ஆரம்பிச்சா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அறுபதும் அடிச்சுடலாம். இதை விட்டா, புதுசா வெட்ட மூணு வாரம் ஆகும்.”

பார்ஜிட்டர் கையை நீட்டினார். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“என்ன வேணும் உனக்கு? சம்பளமா?”

“உங்க சம்பளத்தைக் கொண்டுபோய்க் கால்வாய்ல போடுங்க. இதே எடத்துல என் புருஷன் காலுறையோட நின்னாரு. ஓட்டைக் காலுறை. இவங்க எல்லாரும் பார்த்தாங்க. ரூபன் டிரான்டர் திருடலைன்னு இவங்க காதுல விழுற மாதிரி சொல்லுங்க. தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை. சொல்லிட்டு இதை எடுத்துக்கிட்டுப் போங்க.”

அவர் எங்களைப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். வெளியூர்க்காரர்கள் முகத்தையும், பக்கத்துப் பட்டறை முதலாளிகள் முகத்தையும் மனசில் பார்த்திருப்பார். மாகாணத் தலைவர் ஊரெல்லாம் சொல்லாமல் இருப்பாரா?

“சரி,” என்றார். “ரூபன் டிரான்டர் எடுக்கல.”

“சத்தமா.”

“டிரான்டர் எடுக்கல! போதுமா? அந்தப் பதக்கம் தொலையவே இல்ல. அன்னைக்கு ராத்திரி சபையில காட்ட நான்தான் பத்தையும் கொண்டுபோனேன். ஒண்ணு என் கைப்பெட்டியோட உள்துணிக்குள்ள நழுவியிருக்கு. ஒரு வாரத்துல கிடைச்சுது.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். அவள் கேட்டது ஒரு வார்த்தை. ஆத்திரத்தில், அவசரத்தில், ஆசாமி அதற்குமேல் கொட்டிவிட்டார்.

கெசையா அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். இத்தனை வருஷமும் அவள் நினைத்தது என்ன தெரியுமா? யாரோ எடுத்துவிட்டான், இந்த முதலாளி முட்டாள்தனமாக ரூபன்மேல் பழியைப் போட்டுவிட்டான் என்றுதான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

“ஒரு வாரத்துலயா?” என்றாள்.

“அதான் சொல்லிட்டேனே.”

“ஒரு வாரத்துல கிடைச்சுது. அவரு அதுக்கப்புறம் ரெண்டு குளிர்காலம் உசிரோட இருந்தாரு. இங்கேர்ந்து நாலு தெரு. நடந்து வந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் சார்? பத்து நிமிஷம்?”

“எல்லார் முன்னாடியும் துரத்தின ஆளை எப்படித் திரும்பக் கூப்பிடுறது? முதலாளின்னு ஒரு மதிப்பு வேண்டாமா? நானும் மனுஷன்தானே. வருத்தப்பட்டேன். அதனாலதான் உனக்கு வேலையே குடுத்தேன்!”

இதைக் கேட்டு என் கையில் இருந்த சுத்தியலை அவர் மண்டையில் போட்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், போட்டிருப்பேன். கெசையா கத்தவில்லை, அழவில்லை. திரும்பி நெல்லின் பக்கத்தில் இருந்த சாணைச் சக்கரத்துக்குப் போனாள். அது சுற்றிக்கொண்டேதான் இருந்தது. நெல் தானாக எழுந்து இடம் விட்டாள்.

“ஏய், என்ன பண்ற? சொல்லிட்டேன்ல! பேசினபடி குடு!” என்று பார்ஜிட்டர் ஓடினார்.

அதற்குள் அவள் அச்சின் முகத்தைச் சக்கரத்தில் வைத்து அழுத்திவிட்டாள். தீப்பொறி அவள் முழங்கை வரைக்கும் பறந்தது. முதலில் கிளை போனது, அப்புறம் மூலமட்டம், அப்புறம் கவராயம், கடைசியில் அவர் பெயர். மூணு வார வேலை. அவள் வாழ்க்கையிலேயே அதைவிட நன்றாக ஒரு அச்சு வெட்டியதில்லை. பார்ஜிட்டர் அவள் தோளைப் பிடித்து இழுக்கப் போனார். எங்களில் ஏழெட்டுப் பேர் எழுந்து நடுவில் போய் நின்றோம். யார் சொல்லி எழுந்தோம் என்று தெரியாது.

வழுவழுவென்று ஆன கட்டையை அவர் கையில் வைத்தாள். சூடு பொறுக்காமல் கீழே போட்டார்.

“நீங்க தெரிஞ்சே சொல்லாம இருந்தீங்க,” என்றாள் கெசையா. “நான் கையில வச்சிருந்தே குடுக்கல. போய் விருந்து சாப்பிடுங்க.”

உளிகளை ஒரு துணியில் சுருட்டிக்கொண்டாள், தொப்பியை மாட்டிக்கொண்டாள், போனாள். அவளை வேலையைவிட்டு நிறுத்துவதற்கு முதலாளிக்கு அவகாசமே கிடைக்கவில்லை.

சனிக்கிழமை விருந்து நடந்தது. பதக்கம் இல்லாமல் நூற்றாண்டு விழாவா என்று கேட்டார்களாம். பார்ஜிட்டர் தடுமன் என்று பாதியில் எழுந்து போய்விட்டாராம். ஆனால் திருப்பி அனுப்பப்பட்ட அந்த ஒரு பதக்கத்தின் கதை அவருக்கு முன்னாலேயே மண்டபத்துக்குள் போயிருந்தது. பரிமாறப் போன ஹாட்லியின் மைத்துனன் வந்து சொன்னான்: ஒரு கிழட்டு மேசன் அவரைப் பார்த்து, “வாப்பா கத்துக்குட்டி, கதவைத் தட்டிட்டு வந்தியா?” என்றானாம். மேசை முழுக்கச் சிரித்ததாம். அடுத்த வருஷமே அவர் சபையிலிருந்து ஒதுங்கிவிட்டார். மூக்கறுபட்டு ஒதுங்கினார் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசையோ, அவ்வளவு ஆசையோடு எழுதுகிறேன்.

பேட்டை முழுக்க ஒரே நாளில் ரூபன் பெயர் சுத்தமாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் ஆளாளுக்கு “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் பிரஸ் அறைப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வெள்ளை லில்லியில் ஒரு பெரிய மலர்வளையம் வாங்கினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல உடை உடுத்திக்கொண்டு, இருபத்திரண்டு பேரும் கீ ஹில் கல்லறைக்குப் போனோம். கேட்டுக்குள் நுழைந்து பத்தடி நடந்த பிறகுதான் எல்லோரும் நின்றோம்.

“எந்தப் பக்கம்?” என்று நெல் என்னைக் கேட்டாள்.

நான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் இன்னொருத்தியைப் பார்த்தாள். எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. அவனைப் புதைத்த அன்று நாங்கள் எல்லோரும் வேலையில் இருந்தோம்.

நான் மட்டும் கெசையா வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தாள். உள்ளே பட்டாணி வேகிற வாசனை வந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான் பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன், அதைச் சொல்லி வாழ்த்தினேன். தலையாட்டினாள்.

“கெசையா, நாங்க எல்லாரும் பூ கொண்டுவந்திருக்கோம். ரூபன் எங்க இருக்காருன்னு...” என்று இழுத்தேன்.

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். என் நல்ல தொப்பியை, கையுறையை.

“கல்லு வைக்கல. கல்லுல பேரைப் போட்டா, போறவன் வர்றவன்லாம் திருடன்னு எழுதிடுவான்னு வைக்கல,” என்றாள்.

“வந்து காட்டேன். அஞ்சு நிமிஷம்.”

“முதலாளியை மட்டுந்தான் நான் பார்த்துக்கிட்டிருந்தேன்னு நெனச்சியா லெட்டி? அவரு காலுறையோட நின்னப்போ எவ சிரிச்சான்னு கூட வீட்டுக்கு வந்து சொன்னாரு.”

நான் கையுறையைக் கழற்றினேன்.

“தேடுங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேடினோம். கல் இல்லாத மேடு அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தது. காவலாளி வந்து கேட்டைப் பூட்டப்போகிறேன் என்று சொல்லும்வரை தேடினோம். மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெல் அதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.